தவளைக்குப் போர்த்திய பதினோரு துணிகள்

பிப்ரவரி 2

அண்ணிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. மூன்று வருஷம் விசாரிக்காமல் இருந்துவிட்டு இப்போது விசாரித்தால் நீங்களே சிரிப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பழைய கார் தவளைக்கு நோட்டீஸ் வந்திருப்பதாக அண்ணன் எழுதி, நகலும் அனுப்பியிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேலான வண்டிகள் எல்லாம் இந்த மாதம் 28-ஆம் தேதி வாகனப் பரிசோதனை அலுவலகத்துக்குச் சொந்தச் சக்கரத்தில் ஓடி வரவேண்டுமாம். என்ஜின் எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்க்க என்ஜின் அறை சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே கட்டியிருக்கும் சாய்தளத்தில் நிற்காமல் ஏற வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பதிவு ரத்து, வண்டி நேராக உடைக்கிற இடத்துக்குப் போகும். இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

என்னால் வர முடியாது. இங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் ஒரு சரக்குக் கப்பலின் என்ஜினை முழுக்கப் பிரித்துப் போட்டிருக்கிறோம். மார்ச் முதல் வாரம் அது தண்ணீரில் இறங்கும்வரை யாருக்கும் லீவு இல்லை. போனில் பேசலாமே என்று அண்ணன் கேட்டிருக்கிறார். நாம் இரண்டு பேரும் போனில் மூன்றாவது வாக்கியத்தைத் தாண்ட மாட்டோம் என்பது அவருக்குத் தெரியாதா?

உங்களுக்கே தெரியும், அந்த இரண்டு சீட்டு வண்டியைக் கோழிகள் குடியிருந்த நிலையில் வாங்கி, நான்கு வருஷம் லீவு லீவாக வந்து ஒவ்வொரு போல்ட்டாக நான் பூட்டினேன். அது உடைபடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

வேலை பெரிதில்லை. பானெட்டைத் திறந்து, கிரீஸ் போக்கும் மருந்தைத் தெளித்து, ஹோஸ் பைப்பால் மெதுவாக அடித்தால் போதும். அரைமணி நேரம். ஈரத்தோடு மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இந்த முறையாவது நான் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

சாவி என் அறையில் ஆணியில் இருக்கிறது. முடிந்ததும் அங்கேயே மாட்டிவிடவும்.

நட்டு


பிப்ரவரி 6

நாத்தனார் அவர்களுக்கு,

உன் கடிதம் வந்தது. 'இந்த முறையாவது' என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை உன் அண்ணனிடம் காட்டினேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் ஆயிற்றே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லையே" என்றார். இவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

நாத்தனார் சண்டை என்றால் ஊரில் நகைக்கு வரும், புடவைக்கு வரும். நமக்குக் கார் என்ஜினுக்கு வந்தது. நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பழைய வண்டிச் சங்கத்தின் மலை ஓட்டத்தன்று காலையில் பானெட்டைத் திறந்துவைத்து, கப்பலைக் கழுவுகிற மாதிரி ஹோஸ் பைப்பால் நீதான் கழுவினாய். கழுவிவிட்டுக் குளிக்கப் போனாய். நேரமாகிறதே, வாசலுக்காவது கொண்டுவந்து நிறுத்துவோம் என்று நான் ஸ்டார்ட் செய்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மலையில் மூன்றாவது வளைவில் தவளை மூச்சுத் திணறி நின்றதும், சங்கத்து ஆட்கள் நாற்பது பேருக்கு முன்னால், "ஈர வண்டிய யாரு ஸ்டார்ட் பண்ணச் சொன்னா? ஒரு பொருளத் தொடாம இருக்க முடியாதா உங்களால? எல்லாம் உங்களாலதான்" என்று கத்தினாய். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆணியிலிருந்து சாவியை எடுத்து, தவளையைப் பத்து நிமிஷம் ஓடவிடுகிறேன். பழைய பெட்ரோலை மாற்றுகிறேன். பாட்டரிக்குத் தண்ணீர் பார்க்கிறேன். நம் சண்டைக்கு அது என்ன செய்யும்? சும்மா நிற்கும்போது நன்றாகத்தான் உறுமுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் இருமி அணைந்துவிடுகிறது. அணைகிற ஒவ்வொரு தடவையும், நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூன்று வருஷமாக இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை.

சுத்தம் செய்கிறேன். ஆனால் ஹோஸ் பைப் இந்தக் கொட்டகைக்குள் நுழையாது. இருபத்திரண்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நிற்கிறேன். திறந்த வயிற்றை யாரும் ஹோஸ் பைப் வைத்துக் கழுவி நான் பார்த்ததில்லை. தெருமுனை கராஜ்காரர் தானாகவே வந்து, "பிரஷர்ல தண்ணி அடிச்சா அஞ்சு நிமிஷம்மா" என்றார். உன் அண்ணன் தன் பங்குக்கு மண்ணெண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். எது எது தண்ணீர் பட்டால் செத்துப்போகும், எது தாங்கும் என்று எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 10

அண்ணிக்கு,

நீங்கள் வண்டியை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தப் பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஹோஸ் பைப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நான் நாள் முழுக்க டீசல் என்ஜினோடு கிடப்பவள். அதில் தீப்பொறி கிடையாது, எண்ணெய் அழுக்கு ஏறினால் மருந்தடித்துக் கழுவி விடுவோம். கை அப்படிப் பழகிவிட்டது. தவளை பெட்ரோல் வண்டி, பொறியில் பிழைக்கிறது. சரி, விடுங்கள்.

மூட வேண்டிய இடங்கள் சொல்கிறேன். பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி முதலில். அதன் பக்கத்தில், பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயில். கீழே, கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். வலது சுவரில் ஃப்யூஸ் பெட்டி. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் இரண்டு, இரண்டையும் தனித்தனியாக மூடுங்கள். காற்று உள்ளே போகும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு முன்பக்கம் நீண்ட மூக்கு ஒன்று உண்டு, அதன் வாயை அடைக்க வேண்டும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடி. அந்த ஆயில் பெயின்ட்டைத் தின்னும், சிந்தவிடாதீர்கள். என்ஜின் ஆயில் ஊற்றும் மூடி, ஆயில் அளக்கும் கம்பியின் துளை, கடைசியில் பாட்டரி. மொத்தம் பதினொன்று.

என்ஜின் ஜில்லென்று ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் கிட்டவே வரக்கூடாது, அண்ணனையும் சேர்த்து. தண்ணீரில் கலக்கும் மருந்தாகப் பார்த்து, அலுமினியத்தைக் கறுக்க வைக்காதது என்று டப்பாவில் படித்து வாங்குங்கள். ஒயர்களுக்கு வயதாகிவிட்டது, இழுத்தால் மேல்தோல் உதிரும்.

இவ்வளவும் எழுதிவிட்டு யோசிக்கிறேன். மிதித்தால் அணைகிறது என்கிறீர்கள். அன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போன தண்ணீரால் உள்ளே துருப்பிடித்திருக்கும். அதைத்தான் அன்றைக்கே சொன்னேன். அப்படியானால் சாய்தளம் ஏறாது. பாதியில் நிற்கும், அங்கேயே ரத்து முத்திரை குத்துவார்கள். சுத்தம் செய்வதே வீணோ என்னவோ. கடைசியாக ஒரு தடவை நல்லபடியாகக் குளிப்பாட்டி அனுப்பினோம் என்றாவது இருக்கட்டும்.

நட்டு


பிப்ரவரி 16

நட்டு,

இந்த உறைக்குள் ஒரு துணி இருக்கிறது. அதை இப்போது பிரிக்காதே. கடிதத்தை முதலில் படி. அண்ணி சொல்கிறேன், படி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். முந்தின நாளிலிருந்தே வண்டியை யாரும் தொடவில்லை. என்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தேன், என் கையைவிடக் குளிர்ச்சி. கொட்டகைக் கதவு இரண்டையும் விரியத் திறந்தேன். தீயணைக்கும் சிலிண்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். அழுக்குத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் இருக்க அடியில் பெரிய தட்டு. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. உன் அண்ணன் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஆபரேஷன்?" என்றார். "பேசினா உங்களுக்குத்தான்" என்றேன்.

பாட்டரி ஒயரைக் கழற்றினேன். தியேட்டரில் கழித்துப்போட்ட பச்சைத் துணிகள் வீட்டில் இருக்கின்றன. அதில் பதினொன்றை எடுத்து, நீ சொன்ன இடங்களில் முதலில் பிளாஸ்டிக் பை, அதன்மேல் பச்சைத் துணி என்று கட்டினேன். மூக்கின் வாய்க்கு மட்டும் துணியைச் சுருட்டி, பாதி வெளியே தொங்கும்படி அடைத்தேன். சுவரில் சாக்பீஸால் எழுதினேன்: உள்ளே, பதினொன்று. எழுதியதை உன் அண்ணன் சத்தமாகப் படித்தார். எங்கள் தியேட்டரில் இதுதான் வழக்கம். உள்ளே போகிற துணியை இரண்டு பேர் எண்ண வேண்டும், ஒருவர் எண்ணினால் செல்லாது.

முதலில் ஈரமே இல்லாமல் பிரஷ்ஷால் தட்டினேன். சருகு, செத்த குளவி, பாட்டரிக்குப் பின்னால் ஒரு எலிக்கூடு. எலி போய்ப் பல காலம் ஆகியிருக்கும். கூடு முழுக்க உன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட அச்சுத்தாள். அவர் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, கடித்ததுபோக மிச்சமிருந்ததில் பிழை திருத்த ஆரம்பித்துவிட்டார். 

மருந்தைக் கீழேயிருந்து மேலாக, உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தேன். காய விடாமல் பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். தண்ணீர் என்றால் பூந்தொட்டிக்குத் தெளிக்கும் கைப்பம்பில் இருந்தது மட்டும்தான். ஒயர்களை ஒவ்வொன்றாக விரலுக்கு நடுவில் வைத்துத் துடைத்தேன், ஒன்றைக்கூட இழுக்கவில்லை. என்ஜின் எண் இருந்த இடத்தில் கறுப்புப் பாறையாக அழுக்கு. கராஜ்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "கம்பி பிரஷ் போடுங்கம்மா" என்றார். கம்பி பிரஷ் எண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் முக்கால் மணி நேரம் தேய்த்தேன். முதலில் ஒரு ஏழு தெரிந்தது. அப்புறம் வரிசையாக எல்லாம். உன் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற அதே எண். அந்த ஏழைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

மதியம் ஒரு மணிக்கு முடிந்தது. பானெட்டைத் திறந்தபடியே வண்டியை வெயிலில் தள்ளி, மூன்று மணிவரை காயவிட்டோம். வீட்டில் முடி உலர்த்தும் மெஷினைச் சூடு வைக்காமல் மூலை முடுக்கெல்லாம் காட்டினேன். பிறகு துணிகளை எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து விரித்துத் தரையில் போட்டேன், இரண்டு பேரும் எண்ணினோம். பதினொன்று.

"அதான் சரியா இருக்கே, ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார் கராஜ்காரர். எப்போது வேலி தாண்டினாரோ தெரியாது.

"எண்ணிக்கை சரியா இருந்தாலும் உள்ள கைவிட்டுப் பாக்காம தையல் போட மாட்டோங்க."

"இது என்ன வயிறாம்மா?"

 துணி போட்ட இடம் ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்தேன், விரல் விட்டேன். மூடியது பதினொரு இடம், பார்த்ததும் பதினொரு இடம். அந்த மூக்கில் விரல் விட்டபோது, வளைவுக்கு அப்பால் மெத்தென்று ஏதோ தட்டியது. டார்ச் அடித்தால் உள்ளே ஆரஞ்சு நிறம். நான் போட்டது எல்லாம் பச்சை, நட்டு. தியேட்டரில் பயன்படாமல் போன நீளமான இடுக்கி ஒன்று வைத்திருக்கிறேன். அதை விட்டுப் பிடித்து, மெதுவாகத் திருகித் திருகி இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் இருக்கும்.

இப்போது துணியைப் பிரித்துப் பார்.

உன் பழைய ஆரஞ்சு வேலையுடுப்பின் கை. துணி கிழிக்கும்போது நீ எப்போதும் உடுப்பின் கையைத்தான் கிழிப்பாய். மணிக்கட்டில் நீ சிவப்பு நூலில் தைத்த அடையாளம் அப்படியே இருக்கிறது பார். அன்று கழுவும்போது தண்ணீர் போகக்கூடாது என்று மூக்கில் அடைத்திருக்கிறாய். எடுக்க மறந்திருக்கிறாய். என்ஜின் இழுத்த இழுப்பில் அது உள்ளே போய் வளைவில் மாட்டிக்கொண்டது. சும்மா நிற்கும்போது ஓரத்தில் வருகிற காற்று போதும். மிதித்தால் போதாது, மூச்சு முட்டும். இதைக் கராஜ்காரர்தான் விளக்கினார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

முதலில் எனக்குக் கோபமே வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வந்தது பார்! நல்லவேளை நீ இங்கே இல்லை.

பாட்டரி ஒயரை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். தவளை உறுமியது. மிதித்தேன். அணையவில்லை. இன்னும் மிதித்தேன். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது, பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நான் இல்ல! நான் இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புகையாம்.

துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறேன். சுவரில் இருப்பதை அழிக்கவில்லை. உள்ளே பதினொன்று. வெளியே பன்னிரண்டு.

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணி,

துணியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான்தான். கழுவ ஆரம்பிக்கும்போது மூக்கில் அடைத்தது இப்போது கண்ணெதிரே தெரிகிறது. முடித்ததும் எடுத்துவிட்டோம் என்று மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினேன் என்பதுகூடப் பொய், அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. தப்பு என் பக்கம் இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கைகாட்டுவதற்கு நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். தண்ணீர் போயிருந்தால் ஒரு வாரத்தில் காய்ந்திருக்கும். மெக்கானிக் என்று பெயர் வைத்துக்கொண்டு இதுகூட எனக்கு உறைக்கவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள். இதற்குமேல் எழுத வரவில்லை.

சாய்தளத்தில் முதல் கியரிலேயே ஏறுங்கள். நடுவில் மாற்ற வேண்டாம். காலை எடுக்க வேண்டாம்.

நட்டு


மார்ச் 1

நட்டு,

ஏறிவிட்டது! இதை முதல் வரியிலேயே எழுதாவிட்டால் நீ பாதியில் செத்துப்போவாய் என்று தெரியும்.

நேற்றுக் காலை நானே ஓட்டிக்கொண்டு போனேன். உன் அண்ணன் பக்கத்தில், மடியில் பதிவுப் புத்தகம், இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி. அலுவலக வாசலில் பதினாறு பழைய வண்டிகள் வரிசையில் நின்றன. பரிசோதகர் ஒல்லியான மனிதர், சிரிப்பென்றால் என்ன என்று கேட்கிற முகம். பானெட்டைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்தார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என்ஜினுக்கு அடியில் விட்டுத் துடைத்தார், எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. என்ஜின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தார்.

"எந்த கராஜ்ல சுத்தம் பண்ணீங்க?"

"நாந்தாங்க பண்ணேன்."

"மெக்கானிக்கா?"

"இல்லங்க. ஆபரேஷன் தியேட்டர்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார்.

எங்களுக்கு முன்னால் ஒரு நீலக்கார், தவளையைப் போல இரண்டு மடங்கு நீளம், பளபளவென்று. அது சாய்தளத்தின் பாதியில் நின்று பின்னால் உருண்டது. ஓட்டி வந்தவர் இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டார்.  நீ எழுதியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் கியர். மாற்றாதே. காலை எடுக்காதே. தவளை ஒரு முறைகூட இருமவில்லை, நட்டு. மேலே போய்ச் சமதளத்தில் நின்றதும்தான் மூச்சு விட்டேன். அது என் மூச்சு. தவளை நிதானமாகத்தான் இருந்தது. அலுவலகமே கைதட்டியது என்று எழுத ஆசைதான். மூன்று பேர் தட்டினார்கள். அதில் ஒருவர் அந்த நீலக்காரர்.

ஐந்து வருஷத்துக்குப் பதிவு. வில்லையைக் கண்ணாடியில் ஒட்டியாயிற்று.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். படித்தபோது அழுதேன், மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் உள்ளேயே கிடந்து உறுத்தும். நீ என்னைத் திட்டியது நாற்பது பேருக்கு முன்னால். மன்னிப்பு ஒட்டிய உறைக்குள் வந்திருக்கிறது. இன்றைக்கும் கடைத்தெருவில் சங்கத்து ஆள் யாராவது எதிரே வந்தால், "உங்க நாத்தனார் வண்டிய..." என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிக்கிறார்கள். உறையில் வந்ததை வைத்துக்கொண்டு அவர்களிடம் நான் என்ன செய்ய?

இது கோபமில்லை. எண்ணிக்கை இன்னும் சரியாகவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி


மார்ச் 7

அன்பு அண்ணிக்கு,

'ஏறிவிட்டது' என்பதைப் படித்துவிட்டுப் பட்டறையில் துள்ளிக் குதித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு நட்டு கழன்றுவிட்டது என்று நினைத்தார்கள். சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டி ஒரு நட்டை மிச்சம் வைத்ததால் வந்த பெயர் இது என்று அவர்களிடம் சொல்லவில்லை. எதையாவது உள்ளேயோ வெளியேயோ மறப்பது எனக்குப் புதிதில்லை போலிருக்கிறது.

நீங்கள் சொன்னது சரி. மூன்று நாள் உங்கள் மேல் எரிச்சலாக இருந்தேன், அப்புறம் சரி என்று பட்டது. சங்கத்துச் செயலாளருக்கு நேற்று எழுதிவிட்டேன். ஏப்ரல் 12-ஆம் தேதி மலை ஓட்டம். கொடி அசைப்பதற்கு முன்னால் எல்லோரும் கூடியிருக்கும்போது என் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆரஞ்சுத் துணியையும் அதோடு அனுப்பிவிட்டேன். நான் அங்கே இருக்க மாட்டேன், அடுத்த கப்பல் வந்துவிட்டது. இருந்தால் என் வாயால் சொல்லியிருப்பேன். ஓடி ஒளிகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

தவளையையும் ஓட்டத்துக்குப் பதிந்துவிட்டேன். ஓட்டுபவர் பெயர் என்ற இடத்தில் உங்களை எழுதியிருக்கிறேன். கேட்காமல் செய்ததற்குத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

இன்னொன்று. சரக்குக் கப்பல் தண்ணீரில் இறங்குவதற்கு முந்தின நாள், என்ஜினுக்குள் போன துணிகளை எண்ண வேண்டும் என்று அடம்பிடித்தேன். இரண்டு பேர் எண்ண வேண்டும் என்றேன். மேஸ்திரி முறைத்தார். எண்ணியதில் ஒன்று குறைந்தது. நாலு மணி நேரம் தேடி, ஒரு ஆயில் குழாயின் முனையில் கண்டெடுத்தோம். மேஸ்திரி அதற்கப்புறம் என்னை முறைப்பதில்லை. இப்போது பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் 'உள்ளே', 'வெளியே' என்று இரண்டு கட்டம் வரைந்திருக்கிறார்கள். அது எங்கள் அண்ணி சொல்லிக்கொடுத்தது என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

உங்கள் நட்டு


ஏப்ரல் 13

என் நட்டுக்கு,

நீ வரவில்லையே தவிர, நேற்று அங்கே உன் பேச்சுதான்.

மலையடிவாரத்தில் கூட்டம் ஐம்பதுக்கு மேல். பழைய நாற்பதில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள், நான் முகம் முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். செயலாளர் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் படித்தார். "மூன்று வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் என் அண்ணியைக் குற்றம் சொன்னேன். குற்றம் என்னுடையது. சாட்சி இதோடு இருக்கிறது" என்று நீ எழுதியதைப் படித்து நிறுத்தி, அந்தத் துணியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.  அப்புறம் யாரோ பின்னாலிருந்து, "என்னோட வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க வந்து பாக்கணும் சிஸ்டர்!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன்.

கொடி அசைந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவு வந்தபோது உன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் மிதித்தேன். நாம் அன்று நின்றுபோன அந்த மைல்கல் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. உச்சிக்குப் போய் இறங்கியதும் வண்டியைச் சுற்றி ஆட்கள். பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லி ஒரே கேள்வி. எப்படி மூடினீர்கள், என்ன பிரஷ், எவ்வளவு தண்ணீர்? ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்தேன். கப் யாருக்கோ போனது. எனக்கு நினைவுகூட இல்லை.

செயலாளர் துணியை என்னிடம் கொடுத்துவிட்டார். பச்சைத் துணிகளோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறேன். வருகிற மாதம் தவளையை மறுபடி சுத்தம் செய்ய வேண்டும், மலைப் புழுதி ஏறிவிட்டது. சுவரில் பழையதை அழித்துவிட்டேன். உள்ளே, பன்னிரண்டு என்று எழுதப்போகிறேன். எண்ணுவதற்கு இரண்டாவது ஆளாக உன் அண்ணன் இனி வேண்டாம், அச்சுத்தாளைப் பார்த்தால் எண்ணிக்கையை விட்டுவிடுகிறார். நீ வா.

வேலை முடிந்ததும் சாவியை ஆணியில் மாட்டச் சொல்லியிருந்தாய். மாட்டவில்லை. என் இடுப்பில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து, "அண்ணி, சாவி தாங்க" என்று வாய்விட்டுக் கேள். தருகிறேன்.

உன் அண்ணி